எட்டாவது முளை

கடல் இல்லை எங்கள் சீமைக்கு.
கரை உண்டு.
பங்குனியில் பவானிசாகர் பின்வாங்கப் பின்வாங்க
நாளுக்கொன்றாய்ப் பிறக்கிற கரை.
இன்றைய கரையில் நத்தை ஓடு,
போன வாரக் கரையில் பாளம் பாளமாய் வெடித்த சேறு,
அதற்கும் மேலே கோரை.

பரிசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டு
வலை கட்டப் போய்விட்டார் வெள்ளிங்கிரி.
திருப்பூரில் பீஸ் எண்ணுகிற நானும்
சாயப்பட்டறையில் கணக்கெழுதுகிற குழந்தைவேலுவும்
வெடித்த சேற்றில் கூடாரம் அடித்தோம்.
கூடாரம் என் மச்சானுடையது.
"எட்டு முளை. எண்ணிக் கொண்டாந்து குடுக்கோணும்."
இரண்டு தடவை சொல்லித்தான் கொடுத்தார்.

யானை பார்க்க வந்திருந்தோம்.
அதனால் அக்கரை மேட்டில் நின்ற முறுக்குக் கொம்பு இரலையை
அரைக் கண்ணால்தான் பார்த்தோம்.
மீனைக் கவ்விக்கொண்டு குடும்பத்தோடு சண்டையிட்ட நீர்நாயை
அதுவும் அரைக் கண்.
தலைக்கு மேல் ஒரு ஆலா,
கறுப்புத் தொப்பி, மஞ்சள் அலகு,
பாய்ந்து பாய்ந்து வந்து கத்தியது.
குழந்தைவேலுவின் தொப்பியில் எச்சமும் போட்டது.
"ஒரம்பரைய வாங்கன்னு கூப்புடுதாட்ட இருக்குது" என்றான்.
சிரித்தோம்.

ராத்திரி
இருட்டே இறங்கி வந்து தண்ணீர் குடித்தது.
துதிக்கையிலிருந்து வாய்க்கு ஊற்றும் சத்தம்,
வயிற்றுக்குள் பாறை உருள்கிற சத்தம்,
ஒரு குட்டி வழுக்கி விழுந்து எழுகிற சத்தம்.
செல்போன் வெளிச்சத்தைப் போர்வைக்குள் அமுக்கிக்கொண்டு
பீஸ் எண்ணுகிற புத்தி
மடக்கு மடக்காய் எண்ணியது.
ஒன்பதா? பதினொன்றா?
மேலே அந்தப் பறவை இன்னும் அடங்கவில்லை.
நரியைத் திட்டுகிறது என்றான் குழந்தைவேலு.
நானும் அதைத்தான் நினைத்தேன்.

விடிந்ததும் தடம் பார்த்தோம்.
காட்டிலிருந்து நேராக வந்த முறம் முறமான தடங்கள்
எங்களுக்கு இருபதடி முன்னால்
இடப்பக்கம் ஒதுங்கி
வளைந்து போய்த் தண்ணீரில் இறங்கியிருந்தன.
எங்களுக்குப் பயந்துதான் என்று
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வெள்ளிங்கிரி வந்தார்.
தடத்தைப் பார்க்கவில்லை.
கூடாரத்தின் பின்மூலையில் குந்தினார்.
"ஏனுங்க, சித்தெ இங்க வாங்க."

உள்ளங்கைப் பள்ளம்.
சேற்று நிறத்தில், புள்ளி தெறித்த
இரண்டு முட்டை.
எட்டாவது முளையிலிருந்து நாலு விரற்கடை.

"ராப்பூரா உங்களத்தானுங்க வைதுட்டு இருந்திருக்குது."

முட்டை குளிர்ந்திருக்குமா என்று
யார் கேட்டோம் தெரியவில்லை.
யாரும் பதில் சொல்லவில்லை.
மடிக்கக்கூட இல்லை,
ஈரத் துணிபோல் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு
ஓடினோம், செருப்பைக் கையில் பிடித்து.
ஏழு முளை வந்துவிட்டது.
எட்டாவதை அசைத்தபோது
பாளமே அசைந்தது.
முளையும் முட்டையும் ஒரே பாளத்தில்.
விட்டுவிட்டேன்.

பரிசல் சுற்றிச் சுற்றித் தள்ளிப் போனது.
பறவை இறங்கியது.
முளையைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது,
உட்கார்ந்தது, எழுந்தது,
முட்டையை அலகால் ஒருமுறை திருப்பியது,
மறுபடி உட்கார்ந்தது.
கழுத்தை நீட்டிக்கொண்டேயிருந்தேன்.
அது சிறுத்து, சேறாகி,
முளையின் கம்பி மட்டும் வெயிலில் மின்னியது.

"ஏழுதானே இருக்குது?" என்கிறார் மச்சான்.
ஆடிப் பெருக்கு ஆகிவிட்டது.
அந்தக் கரைக்கு மேல் இப்போது
முப்பதடித் தண்ணீர் நிற்கும்.
இன்னும் கேட்கிறார்.