முதல் சட்டம்

முப்பத்தொரு வருடம் பேசி முடித்து
இனி உங்களை நீங்களே ஆண்டுகொள்ளலாம் என்ற தாள்
ஒட்டாவாவிலிருந்து கூரியரில் வந்தது.
கையெழுத்துப் போட்டு வாங்கியவள் நான்.
குடிக்கத் தண்ணீர் கேட்டான் கூரியர்க்காரன்.
குழாயைக் காட்டவில்லை.
காய்ச்சாமல் குடிக்காதே என்ற நோட்டீஸ்
பதினாலு வருடமாக அதன் தலைக்குமேல்.
பெட்டியிலிருந்து ஒரு பாட்டில் எடுத்துக் கொடுத்தேன்.

இரவு ஏழு மணிக்குச் சபை கூடியது.
வெளியே மைனஸ் முப்பத்தாறு.
முதல் சட்டம் எதைப் பற்றி என்றாள்
தலைவி டெல்பின் வாபூஸ்.
ஏரி, என்றார் ஒருவர்.
மரம் வெட்டும் கம்பெனி, என்றாள் ஐரிஸ் அட்லூக்கன்.
மொழி என்று யாரோ ஆங்கிலத்தில் சொன்னார்கள்.
கடைசி வரிசையில் லைமன் சகனி எழுந்து
நாய், என்றான்.

சிரித்தோம்.
அவன் மகளின் கன்னத்துத் தையல் நினைவுக்கு வர
நிறுத்திக்கொண்டோம்.

மூன்று வீட்டில் தின்று
நாலாம் வீட்டு வாசலில் படுக்கும் நாய்
யாருடையது?
பதினொரு மணிவரை இதே பேச்சு.
நான் குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன்.

இதே விரல்களால்தான் டைப் செய்தேன்
அணைநீருக்கடியில் கிடக்கும் கல்லறைகளின் பட்டியலை:
நாற்பத்தேழு பெயர், இணைப்பு ஒன்பது.
பனியில் வந்தார்கள், பனி உருகப் போனார்கள்,
ஆகவே புறம்போக்கு என்று
எந்தக் காலத்திலோ ஒரு சர்வேயர் எழுதி வைத்த நிலம்.
தொடர்ந்து இருந்தீர்களா, தொடர்ந்து என்றால் எவ்வளவு தொடர்ந்து
என்று கேட்டுக்கொண்டே
மூன்று வக்கீல்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

டெல்பின் மேசையைத் தட்டினாள்.
பிரிவு இரண்டு:
தொடர்ந்து மூன்று நாள் சோறு போட்டவரே சொந்தக்காரர்,
கடிக்கும் அவரே பொறுப்பு.
மூன்று நாள் போதுமா? என்றாள் ஐரிஸ்.
ஹீட்டர் மட்டும் இருமியது.
போதும் என்று கை தூக்கியவர்கள் நாலு பேர்,
எதிர்த்து மூன்று.

புது முத்திரை. மை உறைந்திருந்தது.
ஹீட்டர்மேல் வைத்து இளக்கி, ஊதி, குத்தினேன்.
கொஞ்சம் சாய்ந்துதான் விழுந்தது.

வண்டிக்கடியில் படுத்திருந்தது அது,
ஒரு காது கிழிந்த சாம்பல் நாய்.
திங்கட்கிழமை மீன்தலை போட்டிருந்தேன்,
நேற்று மிஞ்சிய கஞ்சி.
குறிப்பில் இதை எழுதவில்லை.

பையில் பாதி ரொட்டி இருந்தது.
பள்ளிக்கூடத்துப் பக்கம்
லைமன் வீட்டில் இன்னும் விளக்கு.
மணி பார்த்தேன்:
பன்னிரண்டு தாண்டிவிட்டது.
ரொட்டியைப் போட்டேன்.