முழுப்பருப்பு

முதல் ஆறு மாதம் என் வேலை
கயிற்றுக்கு வெளியே நிற்பது.
ஜிகினாப் பாவாடை, இரவல் பூட்ஸ்.
'டைனமைட்' ஷிபுவின் பெல்ட்டை உயர்த்திப் பிடிக்க வேண்டும்.
அவன் தோற்கப்போகும் நேரம் பார்த்து
மேடை விளிம்பில் ஏறி
நடுவரிடம் வாய் கொடுக்க வேண்டும்.
அதற்குள் அவன் இரும்பு நாற்காலியை எடுத்திருப்பான்.
அவனுக்கு ரெண்டாயிரம்.
எனக்கு ஐந்நூறும் நாலு பொரோட்டாவும்.

பகலில் அண்டி ஆபீஸ்,
கருங்கலுக்கு மேற்கே, தகரக்கூரை.
தோடு உடையும்போது கசிகிற எண்ணெய்
விரலைத் தின்னும். சாம்பல் பூசிக்கொள்வோம்.
ரேஷன் கடை மெஷினில் நாலு தடவை அழுத்தியும்
நான்தான் நான் என்று
என் பெருவிரல் சொன்னதில்லை.
முழுப்பருப்புக்குக் கூலி.
பிளந்துபோனதற்கு ஏச்சு.

ஆனி மழை விட்டுவிட்டுப் பெய்த ராத்திரி,
திங்கள்சந்தை.
மீன்காரிகள் எழுந்துபோன இடத்தில் வளையம்:
பலகை, அதன்மேல் ரப்பர் ஷீட், அதன்மேல் தார்ப்பாய்.
ஷிபுவோடு மோத வேண்டியவன்
களியக்காவிளையில் பஸ்ஸை விட்டுவிட்டான்.
கூட்டம் நாற்காலிகளைத் தட்ட ஆரம்பித்தது.
டிக்கெட் காசை ஏற்கெனவே செலவழித்திருந்த ஸ்டான்லி அண்ணன்
எங்கள் பக்கம் திரும்பினார்:
"பிள்ளைகளே, ஒரு பத்து நிமிசம்."

எங்கள் என்றால் நானும் சஜிதாவும்.
பாறசாலைக்காரி.
எதிர் அணியின் பெல்ட் தூக்குகிறவள்.
ஆண்கள் டீ குடிக்கப் போகிற நேரத்திலெல்லாம்
நாங்கள் விழப் பழகியிருந்தோம்,
தாடை நெஞ்சில் ஒட்ட,
மூச்சை வெளியே விட்டு,
முதுகு முழுக்க ஒரே நொடியில்.

மைக்காரன் பெயர் கேட்டான்.
றெஜிலா என்று சொல்ல வந்தவள்
"கறைக்கை" என்றேன்.

பஞ்சாயத்து கழற்றிப் போட்ட டியூப் லைட் ஏழு.
அரைக்கிலோ போர்டு பின், தார்ப்பாயில் கொட்டி.
அவள் என்னைத் தூக்கினாள்.
தூக்குமுன் மணிக்கட்டை இரண்டு தடவை அமுக்கினாள்:
சொகந்தானா?
நான் இரண்டு தடவை அமுக்கினேன்.
என் முடியைப் பிடித்து இழுத்தபோதும் கேட்டாள்.
ஐந்தாவது டியூப் என் தோளில் வெடித்து
வெள்ளைப் பொடி மழையில் கரைந்தபோதும் கேட்டாள்.
இத்தனை தடவை என்னை யாரும்
சொகமா என்று கேட்டதில்லை.

"எல்லாம் நடிப்பாக்கும்"
என்றது முன்வரிசைக் குடை ஒன்று.
அடுத்த டியூபுக்கு அது தானாக மடங்கியது.

பிறகு, வாழைத்தார் லாரிக்குப் பின்னால்,
ஃபோன் வெளிச்சத்தில்
சஜிதாவின் முதுகிலிருந்து பின்களை எடுத்தேன்.
நாற்பத்தொன்று.
உமித்தோல் உரிக்கிற அதே இரண்டு விரல்.
நுனியில் பிடி, திருகாதே, நேராக இழு,
உள்ளே ஒன்றும் பிளந்துவிடக் கூடாது.
அவள் பொரோட்டா தின்றுகொண்டே
எண்ணிக்கொண்டிருந்தாள்.

என் தோளுக்குத் தையல் வேண்டியிருந்தது.
குளச்சல் ஆஸ்பத்திரி.
நர்ஸ் கேட்டாள்: "ஆரு அடிச்சா? மாப்பிள்ளையா?"
"இல்லை. கூட்டுக்காரி."
பேனா ஒரு கணம் நின்றது.
"எல்லாவளும் ஒவ்வொண்ணு சொல்லுவா" என்று
'வழுக்கி விழுந்தது' என எழுதினாள்.
எங்கள் நோட்டீஸை எடுத்து நீட்டினேன்.
அவள் பார்க்கவில்லை.

பக்கத்துப் பெஞ்சில் ஒருத்தி,
உதடு கிழிந்து, ஒரு கண் மூடி.
அவளும் வழுக்கி விழுந்தவள்தான்.
நோட்டீஸை வாங்கி,
திறந்திருந்த கண்ணுக்கு நேராகப் பிடித்து
ரொம்ப நேரம் படித்தாள்.

"விழுறதுக்குக் கூலி உண்டா?"

"உண்டு" என்றேன்.
"பேசி வாங்கணும்."

வெளியே சஜிதா பைக்கை உதைத்துக்கொண்டிருந்தாள்.
நனைந்த பிளக்,
பிடிக்கவில்லை.