நான்காம் சரத்து

குருமண்வெளித் துறையில் ஏழரைப் பாதை.
எங்களூரில் பாதை என்றால் தெருவல்ல,
ஆற்றின் மேல் ஆளையும் சாமானையும்
அக்கரைக்குக் கொண்டுபோகும் இரும்புத் தட்டு.
அதில் இரண்டு ஓட்டோ, ஒரு லேண்ட்மாஸ்டர்,
மீன்பெட்டி கட்டிய சைக்கிள்கள்,
மடியில் கோப்போடு நான்.

கோப்பில் ஏழு சரத்துகள்.
ஆறுக்குச் சண்டை இல்லை.

எங்கள் கம்பனி
வறுத்த அரிசிமாவும் குரக்கன் மாவும் அரைக்கிறது.
பதினொரு பெண்கள், இரண்டு மெஷின்,
வங்கிக்கு இன்னும் முப்பத்தொரு தவணை.
அக்கரை மண்டூரில் அன்னக்கரம் அறநிலையம்.
மாதம் நூற்றிருபது வீட்டுக்கு
உலர் உணவுப் பை கட்டுகிறார்கள்.
பைக்குள் போகிற மா
கொழும்பிலிருந்து லொறியேறி வருகிறது.
ஆறு கடக்காத எங்கள் மா
கல்முனைக் கடைத்தட்டில் திகதி முடிந்து
வீட்டுக்குத் திரும்புகிறது.

கஜேந்தினி இதைக்
கலண்டர்த் தாளின் பின்பக்கம் வரைந்து காட்டினாள்.
இந்தக் கரை, அந்தக் கரை, நடுவில் அம்புக்குறி.
அம்புக்குறி வரைய ஒரு நிமிடம்.
அதற்குப் பிறகு ஒன்பது மாதம்.

நான்காம் சரத்து:
தேறிய இலாபத்தில் முப்பது வீதம்
அறநிலையத்துக்கு உரியது.
செயலாளர் பாக்கியதுரை
இலாபத்தின் கீழே சிவப்புக் கோடு போட்டார்.
தருமத்தின் தாளில் அந்தச் சொல் ஏறாதாம்.
மிகுதி என்று எழுதலாமாம்,
மீதி என்றாலும் பரவாயில்லையாம்.

மீதி சட்டிக்குள் கிடக்கிறது என்றாள் கஜேந்தினி.
பதிலுக்கு அவர்களின் வரைவில்
பயனாளிகள் வந்த இடமெல்லாம் பச்சையால் வெட்டினாள்.
மண்டூரிலிருந்து வேலைக்கு வரப்போகிற ஆறு பேருக்கும்
சம்பளத் துண்டு உண்டு,
சேமலாப நிதி இலக்கம் உண்டு.
பயனாளிக்கு எந்த ஊரில் இலக்கம் கொடுக்கிறார்கள்?

சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே
ஆற்றில் போய்வந்தவள் நான்.
கணக்காளர் வேலைக்குத்தான் எடுத்தார்கள்.

பங்குனி வெயில்.
அறநிலையத்துக் களஞ்சியத்தில்
டிலக்சன் நெல் அளந்துகொண்டிருந்தான்.
மாரிப்போகம் வெட்டியவர்கள்
ஆளுக்கொரு மரைக்காலாய் விட்டுப்போன நெல்.
விற்கிற நெல் இல்லை, ஒரு மணிக்கும் விலையில்லை.
முதல் மரைக்காலைத் தலைதட்டிச்
சாக்குக்குள் கவிழ்த்தபடி சொன்னான்,
லாபம்.
பிறகு ரெண்டு. பிறகு மூண்டு.

பாக்கியதுரை கதவடியில் நின்றார்.
நான் அவரைப் பார்க்கவில்லை, கோப்பைப் பார்த்தேன்.
தேடிய கண்ணாடியை நெற்றியில் கண்டெடுத்தவர் போல
தொண்டைக்குள் ஒரு சத்தம்.
உங்கட பேனையத் தாங்க பிள்ளை.

அப்ப இந்தப் பயனாளி?
அது கிடக்கட்டும், மறுகா பாப்பம்.

அது இன்னும் கிடக்கிறது,
இரண்டாம் சரத்தில், பாதி வெட்டுப்பட்டு.

முதல் மூன்று மாதம் நட்டம்.
மூவாயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.
நட்டத்தில் முப்பது வீதம் யாருக்கு உரியது என்று
ஏழு சரத்திலும் யாரும் எழுதவில்லை.
அடுத்த கிழமை அக்கரையிலிருந்து
மூன்று மாத மாவுக்கான காசு முன்கூட்டியே வந்தது.
வட்டி இல்லை. கடிதமும் இல்லை.
மாவை இன்னும் கொஞ்சம் சிவக்க வறுக்கட்டாம்,
அவ்வளவுதான் சேதி.

நன்கொடை என்று பதிந்தேன், அழித்தேன்.
கடன் என்று பதிந்து அதையும் அழித்தேன்.
முற்பணம் என்று எழுதினேன்.
சட்டப்படி அது சரி.
அந்தச் சொல்லுக்குள் அந்தக் காசு
முழுசாக அடங்கவில்லை.

ஆறு பேரில் சுகிர்தமலர்
சம்பளத் துண்டை நாலாய் மடித்து
ஃபோன் உறைக்குள் வைத்தாள்.
யாருக்குக் காட்ட என்று நான் கேட்கவில்லை.

பின்னேரப் பாதையில் மா மூட்டைகளை ஏற்றும்போது
பாதைக்காரர் கேட்டார்,
இது கம்பனிச் சாமானா, தருமச் சாமானா?

இருநூற்று நாற்பது கிலோ என்றேன்.
அவர் தலையை ஆட்டிவிட்டு
நடுவில் வைக்கச் சொன்னார்.