முழங்கை உயரம்

எஸ்தோனியாவில், தார்த்து நகரில்,
ஒரு நூற்றாண்டைத் தின்று முடித்த மரவீடு.
சமையலறைத் தரை தெற்கே சரிந்திருந்தது.
ஐலி, வயது ஒன்பது,
ஒரு கோலிக்குண்டை விட்டாள்.
அது யோசித்து, பிறகு ஓடி,
ஜன்னலடியில் போய் நின்றது.
எனக்குக் கிடைத்த முதல் அளவு அதுதான்.

சுவரை அளக்குமுன் ஆட்களை அளப்பது என் வழக்கம்.
கையை மடக்கச் சொல்லி
தரையிலிருந்து முழங்கைவரை நாடா பிடிப்பேன்.
பதினைந்து சென்டிமீட்டர் கழித்தால்
மேடையின் உயரம்.
லீவிக்கு எண்பத்திரண்டு.
உர்மஸுக்கு நூற்றாறு.

சராசரி வைத்துவிடலாமே என்றேன்.
"சராசரியில் எனக்குத் தோள் வலிக்கும்,
அவருக்கு இடுப்பு" என்றாள் லீவி.
"பதினோரு வருடம் பார்த்தாயிற்று" என்றார் உர்மஸ்.
இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம்.

அப்புறம் பட்டியல் வளர்ந்தது.
ஏரி மீன் செதில் சீவ அவருக்கொரு தொட்டி.
புளித்த கம்புமாவு இரவெல்லாம் மூச்சுவிட
மீன்வாடை அண்டாத பலகை அவளுக்கு.
அவர் கத்திகள் காந்தப் பட்டையில்,
அவள் கத்திகள் இழுப்பறையில்.
உப்புக்கு இரண்டு ஜாடி.
விறகடுப்பை மட்டும் யாரும் தொடக் கூடாது:
பனிக்காலத்தில் மின்சாரம் போகும் இரவுக்கு.

ஐலியிடம் யாரும் கேட்கவில்லை.
அவளே சொன்னாள்:
அடுப்போரம் ஒரு படி, உட்கார.

இரவு, வரைபடத்தின் மேல்
அவர் நடக்கும் வழியை நீலப் பென்சிலால் இழுத்தேன்,
அவள் வழியைச் சிவப்பால்.
காலைக் காப்பி, மதியச் சூப்பு,
பார்லிக் கஞ்சி, காளான் ஊறல்,
ஒரு முழு நாள் ஓட்டிப் பார்த்தேன்.
கோடுகள் ஓரிடத்தில்கூட வெட்டிக்கொள்ளவில்லை.
பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாதவர்கள்கூட
இதைவிட அதிகம் தோள் இடித்துக்கொள்வார்கள்.

கச்சிதமான வேலை.
கேட்டதையெல்லாம் கொடுத்திருந்தேன்.
பென்சிலை வைத்துவிட்டு
கொஞ்ச நேரம் விளக்கை வெறித்தேன்.
தச்சருக்கு வரைபவள் நான்,
தாம்பத்தியத்துக்கு அல்ல.

கரண்டி இழுப்பறை ஒன்றுதான்,
அது மூலைக்குப் போயிற்று.
அதற்குச் செங்குத்தாக, கையளவு தள்ளி,
பாத்திரம் கழுவும் இயந்திரம்.
பொருத்த வந்த தோய்வோ
வாயில் திருகாணியோடு நிமிர்ந்தார்:
"இது திறந்தால் அது திறக்காதே."
அப்படியா, என்றேன்.
வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்டால்
இன்றுவரை என்னால் சத்தியம் செய்ய முடியாது.

மார்ச்சில் லீவி அழைத்தாள்.
"முட்டுகிறது. ஒருத்தர் முடிக்கும்வரை
இன்னொருத்தர் ஈரத் தட்டோடு நிற்க வேண்டியிருக்கிறது."
பின்னாலிருந்து உர்மஸ்:
"இலவசமாகத்தானே மாற்றுவார்கள், கேள்."
என் தவறுதான், வியாழன் வருகிறேன் என்றேன்.
வியாழன் ஐலிக்குக் காய்ச்சல்.
அடுத்த வாரம் ஆற்றில் பனி உடைந்து
தோட்டத்துக்குள் தண்ணீர்.
பிறகு அவர்களும் கூப்பிடவில்லை,
நானும் கோப்பை மூடவில்லை.

செப்டம்பரில் கீல் இறுக்கப் போனேன்.
வீடெங்கும் வெந்தயக்கீரை வாசம் போல ஒன்று,
வெள்ளரி ஊறிக்கொண்டிருந்தது.
இழுப்பறை விளிம்பில் பெயிண்ட் உதிர்ந்து
நகக்கண் அளவு மரம் தெரிந்தது.
பூசிவிடட்டுமா என்றேன்.
இருவரும் ஒரே நேரத்தில்
"பரவாயில்லை" என்றார்கள்,
ஒருவரையொருவர் பார்க்காமல்.

ஐலி படியிலிருந்து இறங்கி வந்து
இழுப்பறையை முழுக்க வெளியே இழுத்தாள்.
உள்சுவரில் பென்சில் கீறல்கள்,
ஐந்தைந்தாய்.
"ஒவ்வொரு முட்டலுக்கும் ஒன்று" என்றாள்.
இருநூற்றுப் பதினேழு.

இதில் சண்டை எத்தனை, சிரிப்பு எத்தனை?

"அதைத் தனியாக எழுதவில்லை" என்று
கரண்டிகளை அடுக்கத் தொடங்கினாள்.