மொழிபெயர்ப்பு உதவி

பன்னிரண்டு கேள்வி, ஞாயிறுக்குள்
தமிழில் மாற்றித் தா என்றாள் நிலுபுலி.
பயிற்சி வைத்தியர்களின் மனநிலை பற்றி ஆய்வாம்.
சிங்களம் ரெடி, இங்கிலீஷ் ரெடி,
தமிழ்தான் பாக்கி.
தமிழ்தான் எப்போதும் பாக்கி என்று வாய்வரை வந்தது.
எனக்காக இரண்டு நைட் பார்த்தவள். விழுங்கிவிட்டேன்.

'கடந்த இரு வாரங்களில்' என்று தொடங்குகிறது.
கடந்த இரு வாரங்களில்
பொரளைச் சந்தியை நான் வெயிலில் பார்க்கவில்லை.

மனச்சோர்வாக உணர்ந்தீர்களா?
யார் பேசுகிறார்கள் இப்படி?
எங்கள் வீட்டில் 'ஒரு மாதிரிக் கிடக்கு', அவ்வளவுதான்.
போன மாதம் கல்முனையிலிருந்து வந்த பெண்
நெஞ்சுக்குள்ள புகையுது மிஸ் என்றாள்.
நெஞ்செரிவு என்று இங்கிலீஷில் எழுதி
ஒமிப்ரசோல் கொடுத்து அனுப்பினேன்.
அவள் புருஷன் கடலில் போய் நாற்பது நாள் என்பதை
அடுத்த கட்டில்காரி சொன்னாள், பிறகு.

தூங்குவதில் சிரமம் உண்டா?
இல்லையே.
லிஃப்ட்டில் தோள் சாய்த்து
மூன்றாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில்
ஒரு முழுக் கனவு கண்டிருக்கிறேன்.
வெள்ளவத்தை அறைக்கு வந்து படுத்தால்தான் வராது.
அடிக்காத போன் அடிக்கும்.
பொட்டாசியம் ஐந்து புள்ளி எட்டு,
திரும்ப அனுப்பினேனா, அனுப்பினேனா,
மேல்வீட்டுக் குக்கர் விசிலடித்து
விடிந்துவிட்டது என்று சொல்லும்வரை.

பசி பற்றிய கேள்வியை எளிதாக மாற்றினேன்.
கோட் பையில் பாதி மாலு பணிஸ் இருந்தது,
எறும்புகள் என்னைவிட ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தன.

உங்களைத் தோல்வியாளராகக் கருதினீர்களா?
'எந்தக் கம்பஸ்?'
ரவுண்டில் சேர் கேட்டது அதை மட்டும்தான்.
நாற்பது கட்டில்களும் கேட்டுக்கொண்டிருந்தன.
பதினேழாம் கட்டில் த்ரீவீல் சாரதி
ஊசி ஏற்ற நான் கையைப் பிடித்தபோது
'கணன் கன்ன எப்பா மிஸ்' என்றார் மெதுவாக,
கணக்கில் எடுக்காதே என்று.
நரம்பு முதல் குத்திலேயே கிடைத்தது.

மூன்றாம் மாதம் ஊருக்குப் போன தரங்க திரும்பவில்லை.
காய்ச்சல் என்றார்கள்.
டெங்குவாக்கும் என்றார்கள் சிலர்.
எதற்கும் எண் கேட்டுப் பழகிய நாங்கள்
ஒருவரும் பிளேட்லெட் எவ்வளவு என்று கேட்கவில்லை.
அவன் ஸ்டெத் இன்னும் ஆணியில் தொங்குகிறது.

பன்னிரண்டாம் கேள்வியை மூன்று முறை எழுதினேன்.
முதலில் அது கச்சேரிக் கடிதம்போல் இருந்தது.
அடுத்து எழுதியது வேறு யாரையோ கேட்டது.
மூன்றாவதை எழுதிய உடனேயே அழித்தேன்,
அது என் குரலில் இருந்தது.

சொற்கள் விளங்குதா பார், நீயே ஒன்று நிரப்பு என்றாள்.
நிரப்பினேன்.
'ஒருபோதும் இல்லை', 'ஒருபோதும் இல்லை',
பதினொரு சரிக்குறி, ஒரே சாய்வில்,
கையெழுத்துப் பழகும் பிள்ளைபோல்.

நிலுபுலிக்குத் தமிழ் வாசிக்க வராது.
ஆனால் கட்டங்கள் மூன்று மொழியிலும் ஒன்றுதான்.
கடைசி வரிசையில் விரலை வைத்து,
இது வெறுமையாய் இருக்கே என்றாள்.
சரியான சொல் வரவில்லை என்றேன்.

கன்டீன் மேசை. ஆடை கட்டிய பிளேன்டீ.
ஒரு காகம் ஜன்னல் கம்பியில் அலகு தீட்டியது.
அவள் பேப்பரைத் திருப்பி வைத்தாள்.
முதல் வாரம், நோயாளிகளிடம் கேட்க
நான் சொல்லிக்கொடுத்த ஒரே வசனத்தை,
'ழ'வே இல்லாததால் அவளுக்குப் பிடித்த வசனத்தை,
தப்பில்லாமல் சொன்னாள்:
எங்க நோகுது?

நான் எதையும் தொட்டுக் காட்டவில்லை.
மூக்கு ஒழுகியது, கோட் கையால் துடைத்தேன்.
போன் அடித்தது. என்னுடையது.
அவள் எடுத்தாள்.
'அவள் இல்லை. நான் வருகிறேன்' என்றாள்,
வைத்துவிட்டு, எழும்பாமல்,
இன்னும் கொஞ்ச நேரம் இருந்தாள்.

ஞாயிறு தாண்டிவிட்டது.
பதினொரு கேள்விகள் தமிழில் இருக்கின்றன.