எந்தப் பைதான்

பீல் நகரில் தெருவுக்கு இரண்டு பெயர்.
ஒரே நீலத் தகட்டில் மேலே ஜெர்மன், கீழே பிரெஞ்சு.
இதை வைத்து ஒரு கவிதை எழுதிவிடாதே என்று
எனக்கே சொல்லிக்கொண்டு
பஸ்ஸைவிட்டு இறங்கினேன்.
இரவு பதினொன்றேகால்.
மழை இல்லை; மழை மாதிரி ஒன்று.

பல்சக்கரம் வெட்டும் கம்பெனி.
கடுகைவிடச் சிறிய சக்கரங்கள்.
கேமரா ஒவ்வொன்றாய்ப் பார்த்து எண்ணாக்கித் தரும்.
சர்வர் அதிகாலை இரண்டு மணிக்குக் கணக்குப் போட்டுத்
தேறாதவற்றின் பட்டியலை அனுப்பவேண்டும்.
ஒன்பது இரவுகளாக அனுப்பவில்லை.

நான் கையால் ஓட்டினால் ஓடுகிறது.
அதுதான் கொடுமை.
இன்ஸ்பெக்டர் வந்த நாளின் வகுப்பறைபோல
அத்தனை ஒழுங்கு.
யாரும் பார்க்காத இரண்டு மணிக்கு
'அப்படியொரு மாட்யூல் இல்லை' என்று கைவிரிக்கிறது.

"முன்னே ஓடியதே?" என்றான் ரேட்டோ, தொலைபேசியில்,
பாதித் தூக்கத்தில்.
எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

கேட்டேன்: எந்தப் பைதான்?
ஒன்றைக் காட்டியது.
இருப்பதையெல்லாம் காட்டு என்றேன்.
மூன்று.

ஒன்று மெஷினோடு பிறந்தது, 3.6.
இரண்டாவது, எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த
இம்ஹோஃப் கையால் கம்பைல் செய்தது.
மூன்றாவது, பயிற்சிக்கு வந்த மிரேய்
இறக்கிவைத்த மூட்டை, நான்கு ஜிகாபைட்.
அவள் லொசானுக்குப் போய்விட்டாள்.
மூட்டை போகவில்லை.

மூவருக்கும் ஒரே பெயர்.
கூப்பிட்டால், பாதையில் யார் முன்னால் நிற்கிறாரோ அவர் வருவார்.
என் பாதையில் மிரேயின் மூட்டை முதலில்.
இரவு வேலையை எழுப்பும் க்ரானுக்கோ
பாதையே இரண்டு எட்டு:
அங்கே கிழட்டு 3.6 மட்டும்தான்.
அதற்கு நம்பையைத் தெரியாது.
நடுவில் இருக்கும் இம்ஹோஃபுடையதை
யாரும் கூப்பிடுவதே இல்லை.

எங்கள் வீட்டில் இது நடந்திருக்கிறது.
எந்தக் கட்டத்தில் எதை எழுதினார்களோ,
அப்பாவின் பெயர் இங்கே எல்லோருக்கும் குடும்பப் பெயர் ஆயிற்று.
பல் வைத்தியரிடம், ஒரு புதன்கிழமை,
"ஸிவபட்டம்" என்று நர்ஸ் கூப்பிட
அப்பா, தம்பி, நான், மூன்று பேரும் எழுந்தோம்.
கதவுக்குக் கிட்ட இருந்தவன் தம்பி.
அப்பாவின் கடைவாய்க்கு வைத்திருந்த ஊசி
அவன் ஈறில் ஏறிய பிறகுதான்
டாக்டர் எக்ஸ்ரேயைத் திருப்பிப் பார்த்தார்.

முதலில் ஒரு அலையஸ் போட்டேன்.
க்ரான் அதைக் கண்டுகொள்ளவில்லை.
சரி, பழையதை அழித்துவிடலாம்.
கட்டளையை அடித்தும் விட்டேன்,
என்டர் மட்டும்தான் பாக்கி.
ஏனோ பழைய டிக்கெட்டுகளைத் துழாவினேன்.
ஆறு வருடத்துக்கு முந்தைய ஒன்றில் இம்ஹோஃப்:
'3.6-ஐ அழிக்காதே. நான் அழித்தேன்.'
அவர் விட்டுப்போன ஒரே ஆவணம் அது.
மெஷினில் எதை நிறுவவும் எதை நீக்கவும்
வேண்டிய கருவி
அந்தக் கிழட்டுத் தோளில்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஒவ்வொரு எழுத்தாய் அழித்தேன்.

பிறகு செய்தது சின்ன வேலை.
இந்த ஸ்கிரிப்டுக்கென்று தனி அறை.
அதன் தலையில், முதல் வரியில்,
எந்தப் பைதான் என்று
வேர்க் கோப்புறையிலிருந்து முழு விலாசம்.
இனிப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம்;
வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டலாம்.

ஒன்று நாற்பது.
காப்பி மெஷின் சில்லறையை இரண்டுமுறை துப்பியது.
இரண்டு மணி. இரண்டு மணி ஒரு நிமிடம்.
பட்டியல் வந்தது,
ஒன்பது இரவும் ஒன்றாக:
தேறாத சக்கரங்கள் நானூற்றுப் பன்னிரண்டு.

கையைத் தட்டியிருப்பேன்,
பெட்டி எண்களைப் பார்த்திருக்காவிட்டால்.
அவற்றில் இரண்டு பெட்டி
திங்களன்றே லாரி ஏறிவிட்டன.
எங்கோ ஒரு மணிக்கட்டில்
ஒரு பல் குறைந்து சுற்றப்போகின்றன.

விடிந்ததும் ரேட்டோவிடம் சொல்லவேண்டும்.
எந்த மொழியில் என்பது இந்த ஊரில் சிக்கலே இல்லை.
எப்படி என்பதுதான்.