கசிவின் காரணம்

மழை பெய்து பதினொரு நாள்.
சுவர் மட்டும் நனைந்திருக்கிறது.

சைனாடவுனில் பழைய கடைவீடு.
பின்கட்டில், காப்பிக்கொட்டை மூட்டைகளுக்குப் பின்னால்,
தரையிலிருந்து முழங்கால் உயரத்தில்
மாட்டு நாக்கின் அகலத்துக்கு ஈரம்.

கடைக்கார மேடம் சியோக் எங் சொல்கிறார்:
மேல்மாடிக் குழாய், அவன் வேலைதான்.
மேல்மாடிக்காரர் சொல்கிறார்: சாக்கடை.
காப்புறுதி நிறுவனம் மின்னஞ்சலில் சொல்கிறது:
காரணம் தெரிந்தால்தான் காசு.

காரணம் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு.
ஒரு வேன், காதில் மாட்டும் கருவி,
ஒரு பெட்டி நிறையச் சோதனைக் குப்பிகள்,
கூட ஜுநைதி.

மீட்டரை மூடினோம். ஈரம் குறையவில்லை.
சுவரில் கருவியை ஒட்டிக் கேட்டேன்.
குழாய் உடைந்திருந்தால் சீறும்.
இது சீறவில்லை.
தூக்கத்தில் யாரோ எச்சில் விழுங்குவதுபோல
எப்போதாவது ஒரு சத்தம்.

பத்து மில்லி பிடித்து
மாத்திரையைப் போட்டுக் குலுக்கினேன்.
குழாய்த் தண்ணீர் என்றால் இளஞ்சிவப்பாகும்,
பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் வெட்கப்படுகிற மாதிரி.
இது நிறம் மாறவில்லை.
குளோரின் தெரியாது இதற்கு.
எந்த நீர்த்தேக்கத்திலும் தங்கியதில்லை,
எவருடைய பில்லிலும் ஏறியதில்லை.

"மாத்தா ஆயர்," என்றான் ஜுநைதி
டார்ச்சைப் பிடித்தபடி. நீரின் கண்.
நாங்களும் அப்படித்தான் சொல்வோம் என்றேன்:
ஊற்றுக்கண்.
அவன் மொழியிலும் என் மொழியிலும்
பூமி ஒரே உறுப்பால்தான் கசிகிறது.

"திருப்பிப் போட்டா ஆயர் மாத்தா," என்றான்.
கண்ணீர்.
சொல்லிவிட்டு ஏனோ
டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டான்.
அவன் மனைவி வீட்டைவிட்டுப் போய்
மூன்று வாரம் ஆகிறது.
நான் கேட்கவில்லை.

மதியம் கோழிச்சோறு வாங்க நடந்தபோது
பலகைகளைப் படித்தேன், முதன்முறையாக,
வேலை நிமித்தம்.

நான் நிற்பது ஸ்பிரிங் ஸ்திரீட்.
பக்கத்தில் கிரேத்தா ஆயர், தண்ணீர் வண்டி.
அதையே சீனர் மூன்று எழுத்தில் எழுதுகிறார்கள்:
மாடு, வண்டி, நீர்.
கொஞ்சம் தள்ளி தெலுக் ஆயர், நீர் விரிகுடா.
கடல் அங்கிருந்து எப்போதோ போய்விட்டது.
பெயருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

சவுத் பிரிட்ஜ் ரோட்டுக்கு அப்பால் ஆன் சியாங் குன்று.
அதன் அடியில் பீப்பாய் நிரப்பி
ஊருக்கெல்லாம் ஊற்றிக்கொண்டு போனார்களாம்.
வண்டியோட்டியின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.
மாட்டுக்காவது ஓர் எழுத்துக் கிடைத்தது.

என் பாஷையில் அவன் மாட்டை அதட்டியிருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.
குப்பியில் பிடிக்க முடியாததை
நான் அறிக்கையில் எழுதுவதில்லை.

சாயங்காலம் துளையிட்டுப் பிசின் ஏற்றினோம்.
நுரைத்தது, இறுகியது,
சுவர் வாயை மூடிக்கொண்டது.
மேடம் சியோக் எங் கைதட்டிவிட்டு
அரைக்கிலோ காப்பித்தூள் தந்தார்.

இருபத்திரண்டாம் நாள் தொலைபேசி.
அவரில்லை. மூன்று வாசல் தள்ளி
ஒரு கால்பிடிக் கடை.
துண்டுகள் அடுக்கிய அலமாரிக்குக் கீழே ஈரமாம்.
எவ்வளவு என்றேன்.
"கையகலம்தான், பெரிசில்ல."
எனக்குத் தெரியும் அதன் அளவு.

ஜுநைதி வேனை ஓட்டினான்.
சிவப்பு விளக்கில் நின்றபோது
"அவ போன் பண்ணா" என்றான்,
பச்சை விழுந்ததும் பேச்சை நிறுத்திவிட்டான்.

படிவத்தில் 'கசிவின் காரணம்' என்றொரு கட்டம்.
குழாய் வெடிப்பு, இணைப்புத் தளர்வு,
மழைநீர், கழிவுநீர், பிற.
'பிற' என்பதற்குப் பக்கத்தில்
புள்ளிகளால் ஒரு கோடு.
அதன்மேல் தெருவின் பெயரை எழுதினேன்.

மறுநாளே அலுவலகம் திருப்பி அனுப்பிவிட்டது:
முகவரிக்கு மேலே
தனிக் கட்டம் இருக்கிறது.